ஆளைக் காணோம், எழுத்து மட்டும் வரும்: வாசகர் கேள்வி–பதில்

‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் எழுத்தாளர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டரைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். அதனால் இந்த இதழின் கேள்வி–பதில் முழுவதும் அவருக்கே.

கேள்வி: பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர், என்ன செய்தார்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 1949-ல் சியாட்டிலில் பிறந்தவர். சிகாகோவில் விளம்பர நிறுவனங்களுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். 1985–86-ல் ஒரே ஒரு சீசன், நியூயார்க்கில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் எழுத்தாளர். 1989-ல் ‘தி சிம்ப்சன்ஸ்’ அரைமணி நேரத் தொடராக உருவானபோது உள்ளே வந்தவர், 2003 வரை 59 எபிசோடுகளுக்குப் பெயர் போட்டுக்கொண்டார். அந்தத் தொடரில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. முதல் எபிசோடு ‘பார்ட் தி ஜெனரல்’, 1990 பிப்ரவரி 4. கடைசி எபிசோடு ‘தி ரெஜினா மோனோலாக்ஸ்’, 2003 நவம்பர் 23. 2007-ல் வந்த சிம்ப்சன்ஸ் திரைப்படத்தில் பதினோரு எழுத்தாளர்களில் ஒருவர். 2004-லிருந்து நாவல்கள், எல்லாம் சொந்தப் பதிப்பு.

இத்தனைக்கும் பேட்டி மிக அபூர்வம், மேடை கிடையாது, புகைப்படமும் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

கேள்வி: விளம்பரத்தில் இருந்தவருக்குத் தொலைக்காட்சியில் எப்படி இடம் கிடைத்தது? சிபாரிசா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: சிபாரிசு என்றால் சிபாரிசுதான், ஆனால் ஆள் பார்த்துச் செய்ததல்ல. முதலில் ஒரு சொதப்பலைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சிக்கு வேலை கேட்டுப் போனார். நேர்காணலில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, தொலைக்காட்சி என்ற சமாச்சாரமே எவ்வளவு மட்டம் என்று அந்தத் தொலைக்காட்சிக்காரரிடமே பேசினாராம். வேலை கிடைக்கவில்லை. அந்த நேர்காணலை ஏற்பாடு செய்த ஜிம் டவுனி, பின்னால் ‘சாட்டர்டே நைட் லைவ்’ தலைமை எழுத்தாளர் ஆனார். அங்கே வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் அதுவும் முடிந்தது.

அந்த ஒரு வருடத்தில் ஜார்ஜ் மேயர் என்ற எழுத்தாளரின் பழக்கம் கிடைத்தது. மேயர் வேலையை விட்டுவிட்டு கொலராடோ மாநிலத்தின் போல்டர் ஊருக்குப் போய், 1988-ல் ‘ஆர்மி மேன்’ என்று ஒரு கையடக்கப் பத்திரிகை நடத்தினார். நம் ஊர்ச் சிற்றிதழ்களைப் போலத்தான்: முதல் இதழ் எட்டே பக்கம், அச்சிட்டது 200 பிரதி, பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வடிவமைத்தது அவரே.  பெரும்பாலும் ஒற்றை வரி, இரண்டு வரி நகைச்சுவைகள். மொத்தம் வந்தது மூன்று இதழ். அதில் ஸ்வார்ட்ஸ்வெல்டரும் எழுதினார். அதைப் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சாம் சைமன். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடருக்கு எழுத்தாளர் குழுவைச் சேர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்ததும் மேயரையும் ஸ்வார்ட்ஸ்வெல்டரையும் அழைத்துக்கொண்டார்.

200 பிரதி பத்திரிகையில் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதைப் படித்தவர்களில் பலர் அதே தொழிலில் இருந்தவர்கள். ஊருக்கெல்லாம் விற்றிருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: 59 எபிசோடும் அவர் ஒருவரே எழுதியதா? நம் சீரியல்களில் கதை, திரைக்கதை, வசனம் என்று தனித்தனியாகப் போடுகிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: நல்ல கேள்வி, பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். அங்கே ‘எழுதியவர்’ என்று போடுவது முதல் வரைவை எழுதியவரை. வேலை நடக்கும் வரிசை இப்படி: எழுத்தாளர்கள் கூடிப் பேசி ஒரு கருவைத் தேர்ந்தெடுப்பார்கள். கதையின் எலும்புக்கூட்டை அறையில் எல்லோருமாகச் சேர்ந்து உடைத்துப் பார்த்து அடுக்குவார்கள். பிறகு ஒருவர் தனியாகப் போய் இரண்டு வாரம் போல உட்கார்ந்து முதல் வரைவு எழுதிக்கொண்டு வருவார். திரையில் 22 நிமிடத்துக்கு ஓடும் கதைக்கு 45 பக்கம் போல வரும். அப்புறம்தான் கூட்டத்தின் கை விழும். அறையில் எல்லோரும் வரி வரியாகத் திருத்துவார்கள். நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். சிரிப்பு வராத வரிக்கு மறுபடி வேலை. குரல் பதிவு. கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்களை ஓட்டிப் பார்த்து இன்னொரு திருத்தம். படம் தென் கொரியாவில் வரையப்பட்டு வண்ணத்தில் திரும்பி வந்ததும் கடைசித் திருத்தம். மொத்தம் எட்டு, ஒன்பது மாதம்.

ஆகவே எந்த வரி யாருடையது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘ஹோமர்ஸ் எனிமி’ (1997) அவர் பெயரில் வந்த மிகப் புகழ்பெற்ற எபிசோடுகளில் ஒன்று. தொடரின் குடும்பத் தலைவன் ஹோமருக்கு ஒரு எதிரி வேண்டும் என்ற கரு, அப்போது தொடரை நடத்திக்கொண்டிருந்த பில் ஓக்லியுடையது. ‘யூ ஒன்லி மூவ் ட்வைஸ்’ (1996) கருவைக் கொடுத்தவர் கிரெக் டேனியல்ஸ். அதில் வரும் அன்பான வில்லனுக்குக் குரல் கொடுத்த ஆல்பர்ட் புரூக்ஸ் பதிவுக் கூடத்தில் தன் வசனத்தில் நிறையத் தானே சேர்த்துக்கொண்டார்.

அப்படியானால் ஸ்வார்ட்ஸ்வெல்டருக்கு எதற்குத் தனிப் பெயர்? கூட வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, அவருடைய வரைவுகள்தான் அறையில் குறைவாகத் திருத்தப்பட்டு வெளியே போனவை என்று. பெயர் நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடலாம். ‘தி சிம்ப்சன்ஸ்’ வரும் ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் மாலை நேரக் கார்ட்டூன்களுக்கு எழுதியவர்கள் 1998 வரை அமெரிக்க எழுத்தாளர் சங்க ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. மறுஒளிபரப்புக்கு எழுத்தாளருக்குப் பங்கு தருவது அந்த ஒப்பந்தத்தில் உள்ள உரிமை. அவருடைய எபிசோடுகளில் பெரும்பகுதி அதற்கு முன்னால் எழுதியவை.

கேள்வி: அவர் அலுவலகத்துக்கே வராமல் எழுதினாராமே. சிகரெட்டுக்காகவா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: 1994 வாக்கில் அவருக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தார்கள்: வீட்டிலிருந்து வரைவை அனுப்பினால் போதும், திருத்தும் அறையில் உட்கார வேண்டாம். கலிபோர்னியாவில் மூடிய பணியிடங்களிலும் உணவகங்களிலும் புகை பிடிக்கத் தடை வந்தது 1995 ஜனவரி 1. அவர் விடாமல் ஊதுபவர். இரண்டையும் சேர்த்துத்தான் கதை சொல்வார்கள்.

தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் சொல்லிப் பரவிய கதை இன்னொன்று உண்டு. ஸ்வார்ட்ஸ்வெல்டர் ஓர் உணவகத்தில் ஒரே மூலை மேசையில் உட்கார்ந்து, காபியும் சிகரெட்டுமாக எழுதுவாராம். தடை வந்ததும் அந்த மேசையையும் சோபா இருக்கையையும் விலைக்கு வாங்கி வீட்டில் பொருத்திக்கொண்டாராம். கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் வேலைக்காரன் கண்ணோடு பார்த்தால் இதில் கிறுக்குத்தனம் ஒன்றும் இல்லை. பழகிய மேசை உயரம், முதுகுக்குப் பலகை, எழுந்து நடக்க முடியாதபடி ஒரு பக்கம் சுவர். தையல்காரர் மெஷினை மாற்ற மாட்டார் அல்லவா?

திருத்தும் அறையிலிருந்து விலகியது எழுத்துக்கு லாபமா நஷ்டமா என்றால், எங்கள் கணக்கில் லாபம். ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் மற்றவர் வசனத்தைத் திருத்துகிறவருக்குச் சொந்த வரைவு எழுதத் தெம்பு இருக்காது. தொடர் எழுத்தாளர்கள் பலர் வருடத்துக்கு ஒன்றிரண்டு எபிசோடுதான் எழுதினார்கள்; அவர் நான்கு, ஐந்து எழுத முடிந்தது.

கேள்வி: அவர் எழுதும் முறை என்ன? யூடியூபுக்கு நகைச்சுவைத் தொடர் எழுதுகிறேன். முதல் காட்சியிலேயே பத்து நாள் நிற்கிறேன். (வாசகர், வேலூர்)

பதில்: உங்களுக்குத்தான் இவர் மிகவும் பயன்படுவார். 2021-ல் ‘நியூயார்க்கர்’ இதழுக்காக மைக் சாக்ஸ் மின்னஞ்சலில் எடுத்த பேட்டியில் தன் முறையை அவரே விளக்கியிருக்கிறார். சாரம் இது: புதிதாக எழுதுவது கஷ்டம், எழுதியதைத் திருத்துவது சுலபம். எனவே முழு ஸ்கிரிப்டையும் முடிந்தால் முதல் நாளே, முதலிலிருந்து கடைசி வரை, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட வேண்டும். ஜோக் வராத இடத்தில் மட்டமான ஜோக். வசனம் வராத இடத்தில் வெறும் நிரப்பு வசனம். மறுநாள் எழுந்து பார்த்தால் மேசை மேல் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். மோசமாகத்தான் இருக்கும். ஆனால் யாரோ ஒரு குட்டிச்சாத்தான் ராத்திரியில் வந்து நம் வேலையை அரைகுறையாக முடித்து வைத்துவிட்டுப் போனது மாதிரி. இனி திருத்தினால் போதும்.

கேட்கச் சுலபம், செய்யும்போது மூன்று இடத்தில் சறுக்கும்.

முதல் சறுக்கல், அன்றைக்கே திரும்பிப் படிப்பது. படித்தால் முதல் பக்கத்தைத் திருத்தத் தொடங்குவீர்கள். மறுபடி பத்து நாள். கடைசி வரி எழுதும் வரை மேலே போகாதீர்கள். கணினியில் எழுதினால் பின்னோக்கி அழிக்கும் பொத்தானை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, நிரப்பு வசனத்துக்குப் பதிலாக ‘இங்கே ஜோக் வரும்’ என்று அடைப்புக்குறி போட்டுவிட்டுத் தாண்டுவது. இது உதவாது. காலி இடத்தைத் திருத்த முடியாது, மோசமான வசனத்தைத்தான் திருத்த முடியும். உதாரணம் பாருங்கள். முதல் நாள் எழுதியது:

மனைவி: அந்த ஏணியில ஏறாதீங்க.
கணவன்: சரி, ஏறல.

இதைவிட மொக்கை இருக்க முடியாது. ஆனால் மறுநாள் இதைப் பார்க்கும்போது கை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிகிறது. ‘ஏறல’ என்பவன் ஏற்கெனவே மேலே இருந்தால்?

மனைவி: அந்த ஏணியில ஏறாதீங்க.
கணவன் (மேலேயிருந்து): எந்த ஏணி?

முதல் வரியைத் தொடவே இல்லை. இரண்டாவது வரியில் இரண்டே சொல். காமிராவுக்கும் வேலை வந்துவிட்டது. இந்த மாற்றம் வெறும் அடைப்புக்குறியிலிருந்து வராது.

மூன்றாவது சறுக்கல்தான் ஆபத்தானது: கதை முடிச்சு இல்லாமல் உட்கார்ந்துவிடுவது. அவர் ஒரே நாளில் எழுத முடிந்ததற்குக் காரணம், கதை எலும்புக்கூடு தயாராக இருந்தது. உங்களுக்கு அந்த அறை கிடையாது. எனவே அதற்கு முந்தைய நாள் ஒரு தாளில், காட்சிக்கு ஒரு வரியாக, பத்துப் பன்னிரண்டு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 22 நிமிடக் கதைக்கு அதற்கு மேல் காட்சி தாங்காது.

கேள்வி: ஹோமர் பாத்திரத்தை நாய் என்று நினைத்து எழுதினார் என்று படித்தேன். அவமானப்படுத்துகிறாரா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை, அது தொழில் ரகசியம். பேசத் தெரிந்த ஒரு பெரிய நாய் என்று வைத்துக்கொண்டால் ஹோமரை எழுதுவதில் தவறே வராது என்கிறார். நாய்க்கு வேலை போனதும் உலகமே இருண்டுவிடும். அடுத்த நொடி தரையில் ஒரு காசு கிடைத்தால் உலகத்திலேயே சந்தோஷமான ஜீவன் அதுதான். நடுவில் பாலம் கிடையாது. புது எழுத்தாளர்கள் அந்தப் பாலத்தைக் கட்டப் போய்த்தான் கெடுக்கிறார்கள்: “அவன் மெல்ல மனம் தேறினான்” என்று ஒரு வரி. அதை வெட்டிப் பாருங்கள், காட்சி தானாகச் சிரிக்கும்.

கேள்வி: நாவல்கள் எப்படி? எதில் தொடங்கலாம்? (வாசகர், புதுச்சேரி)

பதில்: முதல் நாவல் ‘தி டைம் மெஷின் டிட் இட்’, 2004. அடுத்தது ‘டபுள் வொண்டர்ஃபுல்’, 2005. இது மட்டும் கௌபாய்க் கதை. அவருக்கு வெஸ்டர்ன் மோகம் உண்டு. 1996-ல் ‘பிஸ்டல் பீட்’ என்று ஒரு வெஸ்டர்ன் கிண்டல் தொடருக்கு மாதிரி எபிசோடு ஒன்று எழுதினார், தொடராக வரவில்லை. 2006-ல் ‘ஹவ் ஐ கான்கர்ட் யுவர் பிளானட்’, 2007-ல் ‘தி எக்ஸ்ப்ளோடிங் டிடெக்டிவ்’, அப்புறம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று. பெரும்பாலானவற்றில் நாயகன் ஃபிராங்க் பர்லி என்ற துப்பறிவாளன். உடம்பு பெரிது, மூளை சிறிது, தன்னைப் பற்றிய அபிப்பிராயம் மிகப் பெரிது. கதையைச் சொல்வதும் அவனே. பதிப்பகம் ‘கென்னிடேல் புக்ஸ்’. அந்தப் பெயரில் வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் ஊரில் ஒரு பகுதி இருக்கிறது. அவர் பள்ளியில் படித்த ஊர் அது.

உள்ளதைச் சொன்னால், எல்லாம் மெல்லிய புத்தகங்கள். இரண்டு மாலையில் முடியும். பக்கத்துக்கு ஐந்தாறு ஜோக். குறையும் அங்கேதான். தொலைக்காட்சி அறையில் நான்கு பேர் “இது கதைக்கு எங்கே உதவுகிறது?” என்று கேட்பார்கள். சொந்தப் பதிப்பில் கேட்க ஆள் இல்லை. நடுப்பகுதியில் கதை எங்கேயோ போய்விட்டு, ஆசிரியருக்கே நினைவு வந்தது போலத் திரும்பி வரும். ஒரே மூச்சில் இரண்டு நாவல் படித்தால் திகட்டும். முதல் நாவலில் தொடங்குங்கள். பிடித்தால் ‘தி எக்ஸ்ப்ளோடிங் டிடெக்டிவ்’. வரிசை முக்கியமில்லை. ஒரு கதையில் நடந்தது அடுத்ததில் பர்லிக்கும் நினைவிருப்பதில்லை.

கேள்வி: அப்படி ஒருவரே இல்லை, பலர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் என்கிறார்களே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இணையத்தில் வெகுநாள் ஓடிய வதந்தி. ஆள் இருக்கிறார். தொடரின் கூட்டக் காட்சிகளில் மீசையும் நீண்ட முடியுமாக அவர் உருவத்தை வரைந்து வைக்கும் வழக்கம்கூட உண்டு. டிவிடிகளுக்காக எழுத்தாளர்கள் உட்கார்ந்து பேசும் ஒலிப்பதிவுகளுக்கு வரவே மாட்டேன் என்றார். ஒருமுறை, ‘தி கார்ட்ரிட்ஜ் ஃபேமிலி’ எபிசோடுக்கான பதிவின் நடுவே நண்பர்கள் அவருக்குத் தொலைபேசி போட்டார்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, கடைசியில், பாவம், பேசியது ஸ்வார்ட்ஸ்வெல்டர் இல்லையே என்று சொல்லி வைத்துவிட்டார்.

இவரைப் போலவே முகம் காட்டாத அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பின்ச்சன், 2004 ஜனவரியில் இதே தொடரில், தலையில் காகிதப் பையோடு, சொந்தக் குரலில் பேசினார். ஸ்வார்ட்ஸ்வெல்டரின் கடைசி எபிசோடு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கேள்வி: அவருடைய நகைச்சுவையைத் தமிழில் கொண்டுவர முடியுமா? மொழிபெயர்த்துப் பார்த்தேன், சப்பென்று இருக்கிறது. (வாசகி, காரைக்குடி)

பதில்: காரணம் வாக்கிய அமைப்பு. அவர் பெயரில் வந்த எபிசோடுகளின் ஜோக்குகளில் பெரும்பாலும் வெடி கடைசிச் சொல்லில் இருக்கும். ‘ஹோமர்ஸ் எனிமி’யில் ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற பாவப்பட்ட ஊழியன் தன் வீடு எங்கே இருக்கிறது என்று சொல்கிறான்: ஒரு பௌலிங் கூடத்துக்கு (கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு) மேலே, இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழே. முதல் பாதி சாதாரணத் தகவல். இரண்டாம் பாதியில் வீடு நசுங்கிவிடுகிறது.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துவிடும். “நான் ஒரு பௌலிங் கூடத்துக்கு மேலேயும் இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழேயும் குடியிருக்கிறேன்” என்று எழுதினால், ‘குடியிருக்கிறேன்’ வந்து நெருப்பை அணைத்துவிடும். ‘மேலேயும்’ என்ற ‘உம்’மே இன்னொன்று வரப்போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாக உடைத்து, வினையை முன்னால் செலவழித்துவிடுங்கள்: “நான் குடியிருக்கிறது ஒரு பௌலிங் கூடத்துக்கு மேலே. இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழே.” இரண்டாவது வாக்கியத்தில் வினை இல்லை, ‘உம்’ இல்லை. நடிகர் நடுவில் ஒரு மூச்சு விடலாம். பௌலிங் கூடம் பழக்கமில்லாத பார்வையாளர்களுக்கு என்றால் மாவு மில் போடுங்கள். சத்தமும் அதிர்வும் அதே அளவு வரும்.